வாயடைக்கும் நொதி

மார்ச் 3

பொடிசுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரையே எழுதிவிட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன். கத்த ஆரம்பித்தால் சொல்ல வந்த விஷயம் போய்விடும். எழுதும்போது அவ்வளவு சத்தம் வராது.

அவருடைய ஆய்வகத்தைக் காலி செய்கிறார்கள். போன வாரம் அவருடைய துறைத் தலைவர் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்தார். அங்கே என்னை எதிர்பார்க்கவில்லை போல. நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். நான்காவது வரியில் நிறுத்திவிட்டார்.

"இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. மாசக் கடைசில அந்த ரூமுக்குப் புது ஆள் வராரு. ஃப்ரீஸர்ல சாரோட புழுவெல்லாம் இருக்கு. தூக்கிப் போட்டுடுவாங்க. உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

நான், "ஐந்தாவது வரியைப் படிங்க" என்றேன்.

மற்றவர்களுக்குப் புருஷன் போனால் வீடு வரும், வண்டி வரும். எனக்குப் புழு வந்திருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். வீட்டுப் பூட்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தப் புழுக்களைப் பற்றி என்னிடம் ஒழுங்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், "விடு, உனக்கு போரடிக்கும்" என்பார். உன்னிடம்தான் மணிக்கணக்காகப் பேசுவார். அப்புறம் அந்தச் சண்டை வந்தது. உன்னிடமும் பேசுவதில்லை. வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

டிசம்பரில் அவர் போனபோது நீ வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "தங்கச்சி எங்கே?" என்று கேட்டார்கள். நான் "வந்துக்கிட்டிருக்கா" என்றேன். சாயங்காலம் வரை அதையே சொன்னேன். ராத்திரி கேட்பதற்கு ஆள் இல்லை.

அந்த ஃப்ரீஸரில் உனக்கு வேண்டியது எதுவும் இருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. பதிலே போடாமல் மட்டும் இருக்காதே. அது உங்கள் குடும்பத்து வியாதி.

அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நான் வராததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று ஒரு வரி அனுப்பினீர்கள். எது முடிந்தது என்று புரியாமல் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏதோ ஒன்று ஆரம்பித்ததே எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் படுத்திருந்தான் என்று பிறகு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கூடப் பிறந்தவளுக்குச் சொல்ல ஐந்து மாதம் போதவில்லையா?

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். ஃப்ரீஸர் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே ஒரு குழாய் வேண்டும். சிவப்பு மூடி போட்டது, மேலே "ரெண்டும் இல்லாதது" என்று அவன் கையெழுத்தில் இருக்கும். எது இரண்டு என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் சொல்லாததை நான் சொல்கிறேன்.

எங்கள் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி போல உடம்பு. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அது குட்டியாக இருக்கும்போது வயிற்றுப்பக்கம் ஆறு செல்கள் வரிசையாக இருக்கும். மேலே இருக்கும் ஒரு செல் அவற்றுக்கு ஒரு செய்தி சொல்லும். நேர் கீழே இருப்பதற்கு நன்றாகக் கேட்கும். அதுவும் அதன் இரு பக்கத்துச் செல்களும் சேர்ந்து முட்டையிடும் வாசலாக மாறும். மற்ற மூன்றும் வெறும் தோலாகிவிடும்.

கேட்ட செய்தி செல்லுக்குள் கைமாறிக் கைமாறிப் போகும். ஒரு புரதம் அடுத்த புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற துணுக்கை ஒட்டும். ஒட்டப்பட்டது விழித்துக்கொண்டு தனக்கு அடுத்ததை எழுப்பும். பாஸ்படேஸ் என்பது ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும் நொதி. பிய்த்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். பாஸ்படேஸ் என்றால் வாயடைக்கும் நொதி, அவ்வளவுதான் என்பான் அண்ணன். அவன் வேலை பார்த்த நொதி அப்படித்தான். அது இல்லாத புழுவில் கேட்கக் கூடாத செல்லுக்கும் செய்தி கேட்டு, வேண்டாத இடத்தில் மேடு மேடாக முளைக்கும்.

நான் பார்த்தது வேறு ஒரு பாஸ்படேஸ். அதை எடுத்துவிட்டால் பேச்சு கூடவில்லை, குறைந்தது. ஏனென்றால் ஒரு புரதத்தின்மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்தான் அதற்குப் பூட்டு. பிய்த்தால்தான் திறக்கும். அந்த நொதி இல்லாமல் செய்தி மங்கலாகிவிட்டால் வாசல் உருவாகாது. வாசல் இல்லாத தாய் முட்டையிட முடியாது. முட்டைகள் உள்ளேயே பொரித்து, குட்டிகள் தாயைத் தின்றுவிட்டு வெளியே வரும்.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். இருநூறு பேர் இருந்த அரங்கம். அண்ணன் எழுந்து, "என் தங்கச்சி புழு வளர்க்கிற தட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கும். சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குச் சுத்தம் பத்தாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கை. அதற்குப் பிறகு என்னை யார் பார்த்தாலும் பூஞ்சையைத்தான் கேட்டார்கள்.

அவன் நொதியும் இல்லாமல், என் நொதியும் இல்லாமல் இருக்கும் புழுதான் அந்தச் சிவப்பு மூடி. சண்டைக்கு முன்னால் செய்து வைத்தான். கேட்டேன், கொடுக்கவில்லை. நானே ஒன்று உருவாக்கலாம். இருந்தாலும் அவன் செய்ததுதான் வேண்டும்.

ஃப்ரீஸரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை அண்ணன் ஐஸ் அக்கா என்பான். அவரிடம் கேளுங்கள். குழாயை உருக்கித் தட்டில் விட்டுத் தருவார். தபாலில் அனுப்பலாம், புழுக்கள் தபாலில்தான் ஊர் சுற்றும்.

பொடிசு

*

மார்ச் 21

பொடிசுக்கு,

போனேன். அவர் இருந்தபோது ஒருநாளும் போகாத இடம்.

நான் ஏதோ பெரிய மாளிகை மாதிரி நினைத்திருந்தேன். நம் சமையலறையைவிடக் கொஞ்சம் பெரிய அறை. ஜன்னலில்லாத சுவர் முழுக்க அலமாரி. ஒரு ஆணியில் அவருடைய பழைய ஸ்வெட்டர் தொங்குகிறது. எத்தனை நாள் வீட்டில் தேடியிருக்கிறேன் தெரியுமா அதை? "நீதான் எங்கேயாவது வெச்சிருப்ப" என்று என்னிடம் சண்டை போட்டார். எடுத்து மோந்து பார்த்தேன். ஈஸ்ட் வாசனை. ஐஸ் அக்கா, "அது புழுவுக்குப் போடற பாக்டீரியா வாசனைங்க" என்றார். உன் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வந்த வாசனை அதுதான். நான் சோப்பை மாற்றி மாற்றி வாங்கினேன்.

ஐஸ் அக்கா நல்ல மாதிரி. அதிகம் பேசுவதில்லை. உன் சிவப்பு மூடியைத் தேடி எடுத்து, உருக்கி, தட்டில் விட்டு, நாலு நாள் கழித்து வரச் சொன்னார். மறுபடி போனேன். நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். குனிந்து திருகியதும், "சட்டுனு பிடிச்சுட்டீங்களே, நிறையப் பேருக்கு முதல்ல கண் இமைதான் தெரியும்" என்றார். நாள் முழுக்க நான் பண்ணுவது அதுதானே.

என்ன சொல்ல. அழகாக இருக்கிறது. யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? வெள்ளி நூல் துண்டு மாதிரி, வளைந்து வளைந்து, போன தடத்தைப் பின்னால் விட்டுக்கொண்டு போகிறது. ஒன்றின் உள்ளே முட்டை முட்டையாகத் தெரிந்தது. இதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ராத்திரி ராத்திரி அங்கே உட்கார்ந்திருந்தாரா? எனக்கு போரடிக்கும் என்று எப்படி முடிவு பண்ணினார்?

ஐந்து மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டுப் பதில் எழுத வேண்டாம் என்கிறாய். உனக்கு அப்படி ஒரு வசதி. சரி, எழுதவில்லை.

தட்டுகளை ஐஸ் அக்கா சொன்னபடி ஓரத்தில் சுற்றி ஒட்டி, பஞ்சு வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். கடையில் கண்ணாடி அனுப்பும் பெட்டிதான். உடையாது.

இப்போதெல்லாம் கடையில் ஆள் இல்லாத நேரம் பலகையில் உள்ள எழுத்துகளை நானே சத்தமாகப் படித்துக்கொள்கிறேன். குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பெட்டி நேற்று வந்தது. எல்லாம் செத்துப்போயிருந்தன.

இங்கே மலையில் போன வாரம் கடுங்குளிர். பெட்டி எங்கேயோ ஒரு கிடங்கில் கிடந்திருக்கிறது. தட்டு உறைந்து வெடித்திருந்தது. ஃப்ரீஸர் குழாயில் புழுவைக் காக்கும் திரவம் கலந்திருக்கும்; தட்டில் அது கிடையாது. உயிரோடு ஒன்றாவது இருக்கும் என்று நாள் முழுக்கத் தேடினேன். இல்லை.

நன்றாகத் தீனி தின்று கொழுத்த புழுவை அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி அனுப்பக் கூடாது. பட்டினி போட்டு அனுப்ப வேண்டும். தீனி தீர்ந்து, கூட்டமும் சேர்ந்துவிட்டால், குட்டிகள் வளர்வதை நிறுத்திவிடும். வாயை மூடிக்கொண்டு, தோலைத் தடிப்பாக்கிக்கொண்டு, மாதக்கணக்காகச் சும்மா இருக்கும். அவைதான் பயணம் தாங்கும். ஐஸ் அக்காவுக்கு இது தெரியும். அவரைக் கேட்காமல் அவசரப்பட்டு வாங்கிவந்து அனுப்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஃப்ரீஸரைக் காலி செய்திருப்பார்கள். இனி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எனக்கு எது அனுப்பினாலும் முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது.

பொடிசு

*

ஏப்ரல் 10

அடியே,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு, கடிதத்தை அப்படியே மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஐஸ் அக்காவிடம் போனேன். "அவசரப்பட்டது நானா?" என்று கேட்கத்தான் போனேன். அவர் படித்தார். "தப்பு என்னுதுதாங்க, மாசக் கடைசிக்குள்ள போகணுமேன்னு சீக்கிரம் குடுத்துட்டேன்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்புறம் ஒன்று சொன்னார்.

"அவங்க கோபத்துல எழுதியிருப்பாங்க. நல்லவங்க. சார் தவறின அன்னிக்கு இங்க வந்து, பசியில கிடந்த தட்டையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு புழுவா புதுத் தட்டுக்கு மாத்தி வெச்சுட்டுத்தானே போனாங்க. சாயங்காலம் வரைக்கும் நிமிரவே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

நீ வந்திருக்கிறாய். இந்த ஊருக்கு வந்திருக்கிறாய். நான் வாசலில் நின்று "வந்துக்கிட்டிருக்கா" என்று பார்ப்பவரிடமெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்கூட இல்லை! நடந்து வரும் தூரத்தில் உட்கார்ந்து புழுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை.

இப்போது நான் பதில் எழுதுகிறேன், நீ வேண்டாம் என்றாலும். உனக்குச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே அவரிடம் மன்றாடினேன். போனைக் கையில் எடுத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார். ஒருநாள் சொன்னார்: "சொல்லாதே. அவ வந்தா அதைப் பத்தித்தான் பேசுவா. என்கிட்ட பதில் இல்ல." எதைப் பற்றி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உன் மார்ச் மாதக் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. உன்னிடம் தோற்றுவிடுவோம் என்று பயந்துகொண்டு செத்துப்போனார் உன் அண்ணன். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியது நான்.

ஐஸ் அக்கா ஒரு தட்டை யாருக்கும் சொல்லாமல் தன் மேசைக்குள் வைத்திருந்தார், உனக்கு அனுப்பியதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று. தீனி தீர்ந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது. பட்டினி போட்டு அனுப்பச் சொன்னாய் அல்லவா? இதோ. இதற்குமேல் ஃப்ரீஸரில் எதுவும் இல்லை, என்னிடமும் எதுவும் இல்லை.

அண்ணி

*

ஜூன் 16

அண்ணிக்கு,

இதை எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்கள் பெட்டி வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த அன்றே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

அன்று ரயிலிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குத்தான் வந்தேன். தெருமுனை வரைக்கும். வாசல் நிறையச் செருப்பு. நீங்கள் கதவில் சாய்ந்து நின்றிருந்தீர்கள். யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்கள் தெருவைப் பார்த்தீர்கள். என்னைத்தான் தேடுகிறீர்கள் என்று தெரிந்தது. நாலு வருஷம் பேசாதவள் இப்போது எந்த முகத்தோடு வந்து அழுவது? கால் திரும்பிவிட்டது. அவன் ஆய்வகத்தில் தட்டுகள் பட்டினியாக இருந்தன. அது எனக்குத் தெரிந்த வேலை.

அப்போதே அந்தச் சிவப்பு மூடியை எடுத்திருக்கலாம். ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன். கேட்டும் அவன் கொடுக்காததை, அவன் இல்லாத நேரத்தில் எடுக்க மனம் வரவில்லை. நீங்கள் கொடுத்தால் அது வேறு.

தட்டில் காய்ந்திருந்த கூழை நாலாகக் கீறி, புதுத் தட்டில் தீனிமேல் வைத்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஒன்று தலையைத் தூக்கியது. மறுநாள் தட்டு முழுக்கத் தடம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் புழுக்கள் நன்றாக இருக்கின்றன, அண்ணி. அவன் நொதி மட்டும் இல்லாத புழுவில் மேடு முளைக்கும். என் நொதி மட்டும் இல்லாததில் வாசல் வராமல் போகும். இரண்டும் இல்லாததில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு வாசல், சரியான இடத்தில். முட்டையிடுகின்றன. பேச்சை அடக்குகிறவனும் இல்லை, திறந்துவிடுகிறவனும் இல்லை. செய்தி எப்படியோ தன் அளவுக்கு வந்து நிற்கிறது. திரும்பத் திரும்பச் செய்தேன். தட்டில் பூஞ்சை இல்லை.

அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அவன் நொதி வாயடைக்கிறது. என் நொதி வாய் திறக்கவைக்கிறது. பாஸ்பேட்டைப் பிய்க்கிற வேலை ஒன்றுதான். எந்தப் புரதத்திலிருந்து பிய்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

முடிவு தெளிவாகத் தெரிந்த அன்று எழுந்து நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இந்தக் கட்டடத்தில் புழு வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். தாழ்வாரத்தில் தரை துடைக்கிறவர் இருந்தார். "முடிஞ்சுது" என்றேன். "அப்ப லைட்டை அணைச்சுடவா?" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுத்துப் பேச ஆள் இல்லை. ஒரு கை தட்டி ஓசை வருமா?

பொடிசு

*

ஜூன் 25

பொடிசுக்கு,

தெருமுனை வரைக்கும் வந்தாய் என்பதை எழுதிவிட்டாய். இனி அதைப் பற்றி நானும் கேட்கமாட்டேன், நீயும் எழுதாதே. எனக்கு இன்னும் கோபம்தான். அது தானாகத் தேயட்டும்.

உன் கடிதத்தை ஐஸ் அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இப்போது புது ஆளுக்கு வேலை செய்கிறார். அந்த ஆள் ஏதோ மீன் வைத்திருக்கிறாராம். ஐஸ் அக்கா டீ குடித்துக்கொண்டே கேட்டார். உன் முடிவைக் கேட்டதும், "சார் இருந்திருந்தா இன்னேரம் கத்தியிருப்பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாளாக லென்ஸ் வெட்டும்போதும் அதே நினைப்பு. ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் போட்டுவிட்டேன்.

கேட்கிறேன், சிரிக்காதே. இரண்டு நொதியும் இருக்கிற புழு நன்றாக இருக்கிறது. இரண்டும் இல்லாத புழுவும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் இரண்டும் எதற்குடி? ஒருத்தன் பூட்ட, ஒருத்தன் திறக்க, எதற்கு வீணாக இந்த மல்லுக்கட்டு? இரண்டையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டால் புழுவுக்கு மிச்சம்தானே? எங்கள் கடையில் ஒரு வேலைக்கு இரண்டு ஆள் இருந்து, இரண்டு பேரும் இல்லாமலே கடை நடந்தால் முதலாளி அதைத்தான் செய்வார்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் தட்டில் ஏதோ சரியில்லை. பூஞ்சை என்று சொல்லவில்லை. ஆனால் ஏதோ இருக்கிறது.

மறுத்துப் பேச ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் இருக்கிறேன். பதில் சொல்லு.

அண்ணி

*

ஜூலை 3

அண்ணிக்கு,

படித்ததும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இப்படி ஒரு கோபம் வந்து நாலு வருஷம் ஆகிறது. உடனே உட்கார்ந்து உங்கள் வாயை அடைக்க மூன்று பக்கம் எழுதினேன். மூன்றாவது பக்கத்தின் நடுவில் பேனா நின்றுவிட்டது. என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவு நாளும் நான் அவற்றைச் சொகுசாக வளர்த்திருக்கிறேன். ஒரே சூடு, வயிறு முட்டத் தீனி, நெரிசல் இல்லாத தட்டு. நிஜத்தில் அவை மண்ணில், அழுகின பழத்தில் கிடக்கும். ஒருநாள் வெயில், ஒருநாள் குளிர், ஒருநாள் பட்டினி. அப்போது பூட்டவும் திறக்கவும் ஆள் இல்லாத புழு என்ன ஆகும்? வாசல் அதே இடத்தில் வருமா, தடுமாறுமா? நான் பார்க்கவே இல்லை. நேற்று ஒரு தொகுதியைக் குளிரிலும் ஒரு தொகுதியைச் சூட்டிலும் வைத்திருக்கிறேன். குளிரில் மெதுவாகத்தான் வளரும். பார்த்து எண்ண எனக்கு ஒரு ஜோடிக் கண் போதாது. நுண்ணோக்கியைத் திருகியதும் சட்டென்று பிடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

என் வீட்டில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கிறது. இரண்டாவது இதுவரை தேவைப்படவில்லை. மாடி வீட்டுக்காரரிடம் போய் ஒரு மடக்குக் கட்டில் கிடைக்குமா என்று கேட்டேன். இத்தனை நாளில் அவரிடம் நான் பேசியதே அதுதான் முதல் தடவை.

"யார் வராங்க?" என்றார்.

"எங்க அண்ணி" என்றேன். அவர் கட்டிலை எடுக்க உள்ளே போனார்.

ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. அட்டை மடித்து வைத்தால் நிற்கும். எப்போது லீவு கிடைக்கும் என்று எழுதுங்கள்.

பொடிசு